பதினோரு கிராம் இரும்பு

மார்ச் 3

தம்பிக்கு,

இல்லை, அனுப்ப மாட்டேன். தூக்கிப்போக ஆள் அனுப்புகிறேன், வண்டி அனுப்புகிறேன் என்று நீ எழுதியிருப்பதெல்லாம் சரி. நீ ஏறி நின்று எடை பார்த்த தராசு இந்த வீட்டை விட்டு நகராது.

பார்சல் ஆபீசில் பதினெட்டு வருஷமாக எடை போடுகிறவள் சொல்கிறேன். அந்த மாதிரித் தராசின் உயிர் உள்ளே இருக்கும் கத்தி முனையில் இருக்கிறது. வண்டியில் குலுங்கி அது மழுங்கிவிட்டால், பிறகு அது காட்டுவது எடை இல்லை, அபிப்பிராயம்.

நீ மே இரண்டாம் தேதி மறுபடி ரிங் ஏறப்போவதைப் பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ‘முன்னாள் லைட்வெயிட் சாம்பியன்’ என்று போட்டிருந்தார்கள். ‘முன்னாள்’ மட்டும் சின்ன எழுத்தில். உன் மாமா பேப்பரை என் பக்கம் தள்ளிவிட்டு, “உன் தம்பி திரும்பவும் பட்டினி கிடக்கப் போறான் போலிருக்கே” என்றார். அவருக்குக் குத்துச்சண்டை என்றால் அவ்வளவுதான். எனக்கும் அவ்வளவுதானோ என்று சில நாள் தோன்றுகிறது.

அறுபத்தொரு கிலோ இருநூறு கிராம். அதற்கு மேல் ஒரு டம்ளர் தண்ணீர் உள்ளே இருந்தாலும் நீ லைட்வெயிட் இல்லை. பதினெட்டு வயதில் உனக்கு அது சட்டை அளவு. முப்பத்தொன்றில் அது சவப்பெட்டி அளவு. கோபித்துக்கொள். இதை நான் சொல்லவில்லை, டாக்டர் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், நீ பட்டத்தை இழந்த வாரம், உன் கையில் கொடுத்த தாளில் மூன்று வரி. கடைசி வரி: இனி ஒருமுறை உடம்பை இப்படி உலர்த்தினால் சிறுநீரகம் மீளாது. நீ அதை அவர் எதிரிலேயே கிழித்தாய். நீ கிழித்தது நகல். அசலை நான் முன்பே கேட்டு வாங்கியிருந்தேன். குமாஸ்தா புத்தி.

மாஸ்டர் போய் ஒரு வருஷம் ஆகிறது. பதின்மூன்று வயதிலிருந்து உன் விரல்களில் துணி சுற்றிவிட்டவர். நீ வரவில்லை. இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். அந்த வரியை அடிக்கப்போவதில்லை.

அக்கா

மார்ச் 11

எடைக்காரி அக்காவுக்கு,

தராசு வந்துவிட்டது. என் கட்டிலுக்கு எதிரே நிற்கிறது.

நீ வேலைக்குப் போன நேரம் பார்த்து என் மேனேஜரின் ஆட்கள் போனார்கள். மாமா கதவைத் திறந்துவிட்டு, ஒரு பக்கம் தானே பிடித்து, படியில் இறக்கிக் கொடுத்தாராம். “அப்பாடா, இனிமே ஒரு நாற்காலி போடலாம்” என்றாராம். அவரைத் திட்டாதே. உன்னைக் கட்டிய நாளிலிருந்து, பதினாலு வருஷமாக, அதில் முழங்காலை இடித்துக்கொண்ட மனிதர்.

அறையைப் பற்றிக் கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். ஒரு சலவைக் கடைக்கு மேலே. காலை ஐந்து மணிக்குக் கீழே கொதிகலனைப் பற்றவைக்கிறார்கள். ஆறு மணிக்குத் தரை சுடுகிறது. ஜன்னலைத் திறந்தால் காற்று வருவதில்லை, சோப்பு ஆவி வருகிறது. வியர்ப்பதற்கு நான் தனியாக எதுவும் செய்ய வேண்டாம். மேனேஜர் யோசித்துத்தான் பிடித்திருக்கிறார். “இங்க சும்மா படுத்திருந்தாலே ரெண்டு கிலோ போயிடும் சாம்பியன்” என்கிறார். அவர் ‘முன்னாள்’ போடுவதில்லை.

இன்றைய எடை அறுபத்தேழு கிலோ நூறு. இறங்கிவிடுவேன்.

உன் மூன்று வரித் தாளுக்கு எதிராக மேனேஜரின் டாக்டர் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். தகுதி உண்டு என்று. என் நாடியைக்கூடப் பிடிக்கவில்லை, அவ்வளவு நம்பிக்கை.

மாஸ்டரைப் பற்றி நீ எழுதியதற்கு: வரவில்லைதான். ஐந்து தடவை பட்டத்தைக் காப்பாற்றினேன். ஆறாவது தடவை, எட்டாவது ரவுண்டில், என் இரண்டு காலும் என்னுடையவையாக இல்லை. எதிராளி என்னை அடிக்கவில்லை அக்கா, நான் விழ வசதியாக நகர்ந்து நின்றான். யார் என்னைக் காயவைத்தது? கடைசி மூன்று நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்காமல் யார் நின்றது? அந்த ஆள். அவர் சாவுக்கு நான் வந்து என்ன செய்ய?

மனிதர்கள் என்னை ஏமாற்றினார்கள். இந்த இரும்பு ஏமாற்றியதில்லை. அதனால்தான் கேட்டேன். நீ கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டேன்.

தம்பி

மார்ச் 16

தம்பிக்கு,

உன் மாமாவோடு பேசி நான்கு நாள் ஆகிறது. “ஒரு பழைய இரும்புக்கா இவ்வளவு?” என்கிறார். நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார். அதில் யாரும் உட்காரவில்லை.

அந்தத் தராசில் ஏறாதே.

காரணம் கேட்காதே. வண்டியில் குலுங்கியிருக்கும் என்று வைத்துக்கொள். உன் அறைக்குப் பக்கத்தில் எங்கேயாவது ஒரு பார்சல் ஆபீஸ் இருக்கும். கவுன்டரில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு எடை மேடையில் ஒரு நிமிஷம் நில். எங்கள் துறைக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், மறுக்கமாட்டார்கள். அங்கே என்ன காட்டுகிறது, அறையில் என்ன காட்டுகிறது, இரண்டு எண்ணையும் எழுதி அனுப்பு. வேறெதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

போனில் சொல்லியிருப்பேன். மேனேஜரின் நம்பருக்குக் கூப்பிட்டால் மேனேஜரே பேசி மேனேஜரே வைத்துவிடுகிறார். “தம்பி தூங்குறாரும்மா” என்றார். பகல் பதினொரு மணி. நீ பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை.

அக்கா

மார்ச் 25

அக்கா,

போனேன். ஆணையிட்டால் செய்கிற பழக்கம் போகவில்லை.

கவுன்டரில் உன் வயதுக்காரர் ஒருவர். மூக்கில் கண்ணாடி. எடை மேடையில் ஏறி நின்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உங்களை எந்த ஊருக்கு அனுப்பணும்?” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்ததில் விலாவில் பிடித்துக்கொண்டது, கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

அங்கே அறுபத்து நான்கு சரியாக. அறைக்கு வந்து ஏறினால் அறுபத்து நான்கு எழுநூறு. போதுமா?

எனக்குப் புரிந்துவிட்டது. ஊரில் இருக்கிற தராசு எல்லாம் ஆளைத் தாஜா செய்கிறது. மேனேஜரும் அதையே சொன்னார்: “குறைச்சுக் காட்டுறதை நம்பி ஏறினவன் எல்லாம் எடை மேடையிலிருந்தே வீட்டுக்குப் போனான்.” நம்முடையது கறார். எனக்குக் கறார்தான் வேண்டும். நம்முடையதில் அறுபத்தொன்று இருநூறு காட்டும் வரை நிறுத்தமாட்டேன்.

தண்ணீர் இப்போது ஒரு நாளைக்கு ஒரு டம்ளர். பாட்டில் மூடியில் ஊற்றிக் குடித்தால் முப்பத்திரண்டு மூடி வருகிறது. பதினைந்தாவது மூடிக்கு மேல் எண்ணிக்கை தப்பிவிடுகிறது, முதலிலிருந்து எண்ண முடியாது, குடித்தாகிவிட்டது. எச்சிலும் எடைதான் என்று டப்பாவில் துப்பிக்கொண்டே இருக்கிறேன். துப்ப எதுவும் வருவதில்லை. சலவைக்காரம்மா துணி காயப்போட மேலே வந்தவர் என்னைப் பார்த்து, “என்னப்பா, வேர்க்கிற மாதிரி தெரியலையே, நீயே காயுற மாதிரி இருக்கே” என்றார். நல்ல நகைச்சுவை உள்ள அம்மா.

சிறுநீர் பால் விடாத டீ நிறம். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. சின்ன வயதில் எல்லாவற்றையும் உன்னிடம் காட்டி வளர்ந்தவன்.

தம்பி

மார்ச் 30

தம்பிக்கு,

அந்தப் பார்சல் ஆபீஸ் தராசு சரி. நம்முடையதுதான் தப்பு. நான்தான் தப்பாக்கினேன்.

இந்த வரியை எழுதிவிட்டுச் சமையலறைக்குப் போய் வெறும் அடுப்பைத் துடைத்துவிட்டு வந்தேன். இனி நிறுத்தாமல் எழுதுகிறேன்.

எண் பொறித்த தராசுக் கோலின் மேல் ஓடுகிற குண்டு இருக்கிறதே, அதைக் கழற்றிப் பின்பக்கம் பார். மூன்று இடத்தில் கறுப்பு மெழுகு இருக்கும். சுரண்டினால் மூன்று துளை. மூன்றிலுமாக நான் எடுத்தது பதினோரு கிராம் இரும்பு. குண்டு லேசானால் அதை இன்னும் தள்ளி நிறுத்தினால்தான் கோல் சமமாகும். எடை கூடுதலாகத் தெரியும். கள்ள வியாபாரிகள் செய்கிற வேலை. எடை ஆய்வாளர் ஒருமுறை ஆபீசுக்கு வந்து இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் மறுபக்கமாகக் கற்றுக்கொண்டேன். உன் எடையில் அது ஏறக்குறைய எழுநூறு கிராம். நீ அறுபத்தொன்று இருநூறு என்று பார்க்கும்போது உண்மையில் நீ அறுபதரை.

உனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பாய். போட்டி நாள் காலையில் அதிகாரி தன் தராசின் குண்டை அறுபத்தொன்று இருநூறில் நிறுத்திவைப்பார். நீ ஏறுவாய். கோல் எழும்பினால் கூடுதல். எழும்பாவிட்டால் சரி, அடுத்த ஆள். எவ்வளவு குறைவு என்று அங்கே யாரும் பார்த்ததில்லை.

முதல் துளை உனக்குப் பதினெட்டு வயதில். ஞாபகம் இருக்கும். உன் முதல் பெரிய போட்டி, கோல் எழும்பிவிட்டது. நூற்றைம்பது கிராம். இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். நீ கம்பளியைச் சுற்றிக்கொண்டு அந்தக் கட்டடத்தின் மாடிப்படிகளில் ஏறி இறங்கினாய். நான்காவது மாடியில் கழிப்பறைக்குள்ளிருந்து “அக்கா, இங்க வந்து பாரேன்” என்று கூப்பிட்டாய். சிவப்பாக இருந்தது. நீ பயப்படவில்லை, ஆச்சரியப்பட்டாய். மாஸ்டர் எனக்குப் பின்னால் நின்று பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: “இவனுக்கும் அந்தக் கோலுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் வேணும்மா. அவனுக்குத் தெரியாம வேணும். தெரிஞ்சா தின்னுடுவான்.” ஐந்து கிராம் எடுத்தேன். முந்நூறு கிராம் இடம் கிடைத்தது.

இரண்டாவது துளையும் மூன்றாவதும் அவருக்குத் தெரியாது. என் யோசனை.

கடைசி எடையை முந்தின நாள் மாலை வீட்டில் பார்ப்போம் இல்லையா. அதற்குப் பிறகு நீ குளியலறைக்குப் போவாய். தண்ணீர் விழும் சத்தம் வராது. குழாயில் வாயை வைத்துக் குடிப்பாய். எனக்கு எப்படித் தெரியும் என்றால், காய்ந்து வெடித்த உன் உதட்டின் ரத்தம் குழாயின் வாயில் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு போட்டிக்கும். நான் அதை ஈரத் துணியால் துடைப்பேன். உன்னிடம் கேட்டால் நிறுத்திவிடுவாய். நிறுத்தினால் செத்துப்போவாய். கேட்காமல் இன்னொரு மூன்று கிராம் எடுத்தேன். நீ வளர வளர அதிகம் குடித்தாய். இன்னொரு மூன்று. நீ திருடப்போகும் தண்ணீருக்கு முன்கூட்டியே இடம் விட்டுவைத்தேன். அம்மா போன பிறகு உனக்குச் சாப்பாடு போட்டவளும் நான், கையிலிருந்து பிடுங்கியவளும் நான். குழாய் ஒன்றுதான் நான் உனக்கு விட்டுவைத்தது.

ஆறாவது தடவை. அன்று காலை குளியலறைக்குப் போனேன், துணியோடு. குழாய் சுத்தமாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது.

நீ ஒருமுறை நேர்மையாக இருந்தாய். நான் அதை எதிர்பார்க்கவில்லை.

நீ வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாய். “ஒரு டம்ளர் குடிச்சுட்டுப் போடா” என்றேன். “மாஸ்டர் கொன்னுடுவார்” என்றாய். குண்டைக் கழற்றிக் காட்டியிருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. காட்டினால் இத்தனை வருஷமும் காட்ட வேண்டியிருக்கும். வண்டியில் ஏறினேன். காலையில் எடை, மாலையில் போட்டி. ஒரு பகலில் ஊற்றிச் சரிசெய்ய முடியாத அளவு நீ காய்ந்திருந்தாய். எட்டாவது ரவுண்டில் உன் கால்களை எடுத்தது மாஸ்டர் இல்லை.

மறுநாள் அவர் நம் வாசலுக்கு வந்தபோது நீ அவர் காலடியில் துப்பினாய். நான் உள்ளே நின்றேன். முந்தின ராத்திரியே அவரிடம் எல்லாம் சொல்லியிருந்தேன். அவர் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “அவனுக்குக் குடிக்கத் தண்ணி குடும்மா” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். பிறகு ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போய், நான் அவனிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். “என்னை வெறுத்தா வேற மாஸ்டரைத் தேடிக்குவான். உன்னை வெறுத்தா எங்க போவான்?” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஒரு வருஷத்தில் அவரும்.

எழுநூறு கிராம் இடம் உன்னிடம் இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷம் தண்ணீர் குடி. மற்றதைப் பிறகு திட்டு.

அக்கா

ஏப்ரல் 9

சுரண்டினேன். மூன்று துளை. சுண்டுவிரல் நகம் போகிற அளவு.

எழுநூறு மில்லி அளந்து குடித்தேன். தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, மூடியில் இல்லை, பாத்திரத்தோடு. குடித்து முடித்ததும் சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. உன்னைக் கொல்ல வேண்டும் போல இருந்திருக்க வேண்டும். சந்தோஷமாக இருந்தது.

அவர் செருப்பின் மேல்தான் துப்பினேன். காலடியில் இல்லை. நீ சரியாகப் பார்க்கவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். இரண்டு வருஷமாக நான் தோற்றவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தூக்கத்தில்கூட அந்த எண் என் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், எட்டு, எட்டு. ஒருவன் முடிந்துபோவது இப்படித்தான் இருக்கும் போல என்று மெல்ல மெல்ல என்னைச் சம்மதிக்கவைத்துக்கொண்டிருந்தேன். நான் முடியவில்லை. என்னை யாரும் தோற்கடிக்கவில்லை. ஒரு பார்சல் ஆபீஸ் குமாஸ்தா பதினோரு கிராம் இரும்பைச் சுரண்டி எடுத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

மே இரண்டு ஏறுகிறேன். முன்பு ஆசை. இப்போது உரிமை. அதற்கு நன்றி.

நேற்றுக் காலை சிவப்பாகப் போனது. வேறு யாரிடமும் சொல்லவில்லை.

இனி எழுதாதே.

ஏப்ரல் 14

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். சிவப்பு என்றும் எழுதினாய். எதற்குக் கீழ்ப்படிவது?

நீ தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எழுதினேன். நீ குடித்தாய். குடித்துவிட்டு, என் கடிதத்தை மேனேஜரின் டாக்டர் எழுதிக் கொடுத்ததோடு சேர்த்து வைத்துக்கொண்டாய், இன்னொரு தகுதிச் சான்றிதழாக. உனக்கு நான் எது கொடுத்தாலும் அது உன்னைக் கொல்லத்தான் உதவுகிறது. உண்மையைக்கூடக் கொடுத்துப் பார்த்துவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒருவன் தோற்கவில்லை என்பதால் முப்பத்தொன்றாவது வயதில் அவன் ஜெயித்துவிடமாட்டான். உன் எதிராளிக்கு இருபத்து மூன்று வயது. அவன் சாப்பிட்டுவிட்டு எடை பார்க்கிறவன்.

டாக்டரின் தாள் என்னிடம் இருக்கிறது. அசல், கையெழுத்தோடு. குத்துச்சண்டை வாரியத்தின் அலுவலகம் என் ஆபீசிலிருந்து பஸ்ஸில் நான்காவது நிறுத்தம். அங்கே கொடுத்தால் மறுநாள் உன் லைசென்ஸ் போகும். மே இரண்டு மட்டுமில்லை, எப்போதும். அது எனக்குத் தெரியும். அதனால்தான் இரண்டு வருஷமாகக் கொடுக்கவில்லை.

நீயே விலகிக்கொள். முதுகில் பிடிப்பு என்று சொல், காய்ச்சல் என்று சொல், பொய் சொல்ல உனக்கா தெரியாது. இருபத்து நான்காம் தேதி வரை பார்ப்பேன்.

அக்கா

ஏப்ரல் 20

அக்கா, அக்கா,

வேண்டாம். கொடுக்காதே.

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். ஒன்றில் உன்னைத் திட்டினேன், ஒன்றில் மாமாவையும் சேர்த்துத் திட்டினேன், மூன்றாவதில் என்ன எழுதினேன் என்று எனக்கே படிக்க முடியவில்லை.

பார்சல் ஆபீஸ் தராசில்தான் இப்போது ஏறுகிறேன். கண்ணாடிக்காரர் நாற்காலியைப் பக்கத்தில் நகர்த்திப் போடுகிறார். அறுபத்திரண்டு கிலோ நூறு. இன்னும் தொள்ளாயிரம் கிராம். எங்கிருந்து எடுப்பது என்று உடம்பில் தேடிக்கொண்டிருக்கிறேன். நாக்கு யாரோ வாயில் மறந்துவிட்டுப் போன செருப்பு மாதிரி கிடக்கிறது. சலவைக்காரம்மா நேற்று மேலே வந்து, “உனக்கு வீட்டுல யாரும் இல்லையா?” என்று கேட்டார். அக்கா இருக்கிறாள் என்றேன். “அப்ப ஏன் இப்படி இருக்கே?” என்றார். உன்னை அவருக்குத் தெரியாது.

ஒன்று சொல்கிறேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கும் குடித்தேன்.

குழாயில் இல்லை. நீ துடைக்கிறாய் என்று எனக்குத் தெரிந்துபோயிருந்தது. முந்தின போட்டியின்போது துணியில் கறையைப் பார்த்தேன். அதனால் குழாயைத் தொடவில்லை. காலையில் மாஸ்டரின் வண்டியில், பின் சீட்டுக்குக் கீழே ரேடியேட்டருக்கு ஊற்ற ஒரு கேன் வைத்திருப்பார். அதில் குடித்தேன். முக்கால் லிட்டர் இருக்கும். துரு வாடை. எடை மேடையில் ஏறும்போது செத்தேன் என்று நினைத்தேன். கோல் அசையவில்லை. கடவுள் என் பக்கம் என்று நினைத்தேன். நீ என்று இப்போதுதானே தெரிகிறது.

ஆகவே உன் பதினோரு கிராம் எதுவும் செய்யவில்லை. இடம் விட்டாய், நான் நிரப்பினேன், வழக்கம்போல. கணக்கு நேர். அவன் என்னைவிட நன்றாக ஆடினான், தோற்றேன். நீ காரணமில்லை. இனி நிம்மதியாக இரு. தாளைப் பெட்டியிலேயே வைத்துவிடு.

இது ஒன்று மட்டும். இதற்குப் பிறகு நீ சொல்கிற வேலைக்குப் போகிறேன். மூட்டை தூக்கச் சொன்னாலும் தூக்குகிறேன். ஆனால் ‘தடை செய்யப்பட்டவன்’ என்று சின்ன எழுத்தில் பேப்பரில் வந்தால் அதற்கு அப்புறம் எந்தக் காலையில் எழுந்து நான் என்ன செய்வேன்? பதின்மூன்று வயதிலிருந்து காலையில் எழுந்ததும் ஓடியவன். எழுந்து எந்தப் பக்கம் திரும்புவது என்றுகூடத் தெரியாது.

உன் காலில் விழுகிறேன். கடிதத்தில் விழுவது எப்படி என்று தெரியவில்லை. விழுந்ததாக வைத்துக்கொள்.

தம்பி

ஏப்ரல் 24

தம்பிக்கு,

உன் எழுத்து கோட்டை விட்டு இறங்கி, மறுபடி ஏறி, ஓரத்தில் போய் விழுந்திருக்கிறது. உன் மாமா உறையின் மேல் இருந்த விலாசத்தைப் பார்த்துவிட்டு, “இது யார் எழுதினது? வயசானவங்களா?” என்று கேட்டார்.

ரேடியேட்டர் கேனைப் பற்றி மூன்று நாளாக யோசித்தேன். வண்டியில் உன் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். கேன் என் காலடியில் இருந்தது, ஞாபகம் இருக்கிறது. வழியில் நான் ஒரு கடையில் இறங்கிப் பஞ்சு வாங்கினேன், அதுவும் ஞாபகம் இருக்கிறது. பஞ்சு வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? முக்கால் லிட்டர் குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? இதைச் சமையலறையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு செய்துகூடப் பார்த்தேன். இரண்டும் நடந்திருக்கலாம்.

நீ சொல்வது நிஜமானால், அவன் உன்னை நியாயமாகத் தோற்கடித்தான். அப்படியென்றால் உன் உரிமை என்று எதுவும் மே இரண்டாம் தேதியில் இல்லை. பொய்யானால், உடம்பில் ஒரு சொட்டு இல்லாத நிலைமையில் உட்கார்ந்து, என்னை விடுவிக்க ஒரு பொய் எழுதியிருக்கிறாய். அதற்கு விலையாக ஒரு தாளைக் கேட்கிறாய். எது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை என்று இன்று காலை தோன்றியது. இரண்டிலும் நீ சாகிறாய்.

காலையில் எழுந்து எந்தப் பக்கம் திரும்புவது என்று கேட்டாய். ஒரு பதில் எழுதினேன், பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன். நீ என்னை வெறுப்பாய். வெறுத்தால் எங்கே போவாய் என்று மாஸ்டர் கேட்டார். ஆனால் வெறுப்பதற்கு ஆள் உயிரோடு இருக்க வேண்டும்.

பதின்மூன்று வருஷம் உன் உடம்புக்கு வேண்டியதை உன்னைக் கேட்காமல் செய்தேன், உன்னிடம் சொல்லாமல் செய்தேன். இந்த முறையும் கேட்காமல்தான் செய்கிறேன். ஆனால் சொல்லிவிட்டுச் செய்கிறேன். அது எனக்குப் பெரிய வித்தியாசம். உனக்கு இல்லாமல் இருக்கலாம்.

இப்போது மணி ஒன்பது. ஆபீசுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

அக்கா

அதே நாள், மதியம்.

கொடுத்துவிட்டேன். வாரிய அலுவலகம் இரண்டாவது மாடியில். வரிசை இல்லை. மேஜையில் இருந்தவர் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, “நீங்க இவருக்கு என்ன வேணும்?” என்றார். அக்கா என்றேன். “கூடப் பிறந்த அக்காவா?” என்றார். ஆமாம் என்றேன். தாளை அவர் பக்கம் இழுத்துக்கொண்டார். முத்திரை குத்தி, உள்ளே எடுத்துப்போய், திரும்பி வந்து, இன்றைக்கே உன் மேனேஜருக்குத் தந்தி போகும் என்றார்.

அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு நடந்து வந்தேன். இதைப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பிளாட்பாரத்துத் தபால் பெட்டியில் போட்டால் இந்தக் கடிதமும் நானும் ஒரே வண்டியில் வருவோம். நீ எதை முதலில் திறப்பாய் என்று தெரியவில்லை.

கவுன்டரில் நீ இருக்கிற ஊருக்குப் போக ஒன்று, நாம் திரும்பி வர இரண்டு கேட்டேன். திரும்பும் தேதி கேட்டார்கள். தெரியாது என்றேன். போவதற்கு மட்டும் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.